கண்ணுக்கு எட்டிய தூரம்

சென்ற இதழில் கூந்தன்குளத்து நாரைகளைப் பற்றியும், நான் சேர்த்து வைத்திருக்கும் வெளிநாட்டுப் படப் புத்தகங்களைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நாங்குநேரிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் 31 வருஷம் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நான். கேமரா என் கைக்கு வந்தது அதற்கும் முன்னால்.

கே: ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். பறவைகளைப் படம் எடுக்க ரொம்ப ஆசை. கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். என்ன கேமரா வாங்கலாம்? – வாசகர், கோவில்பட்டி

முதலில் கேமரா வாங்காதீர்கள் தம்பி, பைனாகுலர் வாங்குங்கள். 8×42 என்று அதன் மேல் எழுதியிருக்கும். எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது முதல் எண். முன்பக்கக் கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர் என்பது இரண்டாவது. அகலம் கூடினால் வெளிச்சம் கூடும். பறவை பார்க்க நல்ல நேரம் விடிகாலையும் பொழுது சாயும் நேரமும்தானே, அந்த அரை இருட்டில் அது கை கொடுக்கும். ஆறு மாதம் அதை வைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கண்மாயைச் சுற்றுங்கள். மீன்கொத்தி ஒரே கிளைக்குத்தான் திரும்பத் திரும்ப வரும், கொக்கு கழுத்தைச் சுருக்கினால் அடுத்து என்ன செய்யும் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். இது தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும் பறவையின் முதுகுதான் படத்தில் விழும்.

அதற்குப் பிறகு கேமரா. பறவைக்கு 300 மில்லிமீட்டருக்குக் குறைந்த லென்ஸ் உதவாது. இந்த எண் கண்ணாடியின் அகலம் அல்ல, குவியத் தூரம்; அது கூடினால் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். புதிதாக வாங்க முடியாவிட்டால் பழையதே போதும், ஆனால் வாங்குமுன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை. என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். நம் ஊர் அடைமழைக் காலத்தில் பூஞ்சை வருவது மிகச் சுலபம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அதற்குள் கேமராவை வையுங்கள். நீலமாக இருக்கும் மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகிவிடும். அப்போது மாற்ற வேண்டும்.

என் முதல் கேமரா அக்ஃபா கிளிக் த்ரீ. பம்பாயில் வேலை பார்த்த மாமா கொடுத்தார். ஒரு ரோலுக்கு 12 படம். அந்த 12-ம் தீர்ந்தால் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ் ஏறி ஸ்டூடியோவில் கொடுத்து, ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு படம் எடுக்குமுன் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த அரை மணி நேரத்தைத்தான் இப்போது நீங்கள் பைனாகுலரோடு பழக வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், காட்டு யானைகளை எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களுக்கு இணையாக நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-ல் இறக்கும் வரை எழுதினார். அதற்குப் படமும் தன் கையாலேயே வரைந்தார்.

கே: ஓவியம் தெரிந்தால்தான் நல்ல புகைப்படம் எடுக்க முடியுமா? எனக்கு நேர்க்கோடுகூட வராது. – வாசகி, தென்காசி

நேர்க்கோடு வரவேண்டாம் அம்மா, அதற்கு ஸ்கேல் இருக்கிறது. கண் நிதானப்பட வேண்டும்; அதற்கு வரைவதைப் போல வேறு பயிற்சி எனக்குத் தெரியாது.

என் வகுப்பில் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்துப் புளியமரத்தை வரையச் சொல்லும்போது, மரத்தை வரையாதே, கிளைகளுக்கு நடுவே தெரிகிற வானத்துத் துண்டுகளை மட்டும் வரை என்பேன். ஒன்று முக்கோணம், ஒன்று வாழைப்பூ மடல், ஒன்று நாய்க் காது என்று சிரித்துக்கொண்டே வரைவார்கள். கடைசியில் தாளைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் புளியமரம் நிற்கும். மரம் என்றதும் மனதில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொம்மை மரத்தை வரைந்துவிடுகிறோம். வானத்துத் துண்டுக்கு மனதில் பொம்மை கிடையாது, அதனால் பார்த்துத்தான் ஆகவேண்டும். கேமராவின் சட்டத்துக்குள்ளும் நான் இதைத்தான் தேடுகிறேன். நாரையின் கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் அந்த வெற்றிடம் அழகாக மூடிக்கொள்ளும் வரை விரலை அழுத்த மாட்டேன்.

ஆன்றி கார்த்தியே-பிரெஸோன், புகைப்பட உலகின் பெரிய பெயர்களில் ஒருவர், கேமராவைத் தொடுமுன் ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் பயின்றவர். ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படம் எடுத்தார். 1950 ஏப்ரல் 14 இரவு, மகரிஷி அடங்கிய வேளையில் வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் நகர்ந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1970-களில் கேமராவை ஏறக்குறைய ஒதுக்கிவைத்துவிட்டு பென்சிலுக்கே திரும்பிவிட்டார்.

சித்தன்னவாசல் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டையிலிருந்து பக்கம்தான். குகைக் கோயில் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு. மீன், வாத்து, யானை, எருமை, பூப் பறிக்கும் ஆட்கள். அண்ணாந்து பார்த்தபடி நின்றால் கழுத்து வலிக்கும். வலித்தாலும் தாமரை இலைகளை மட்டும் பாருங்கள். அந்த ஓவியன் ஏதோ ஒரு குளத்தங்கரையில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் இலைகளுக்கு நடுவில் விட்ட இடங்களை வரைந்து பாருங்கள். நேர்க்கோடே தேவைப்படாது.

கே: உலகப் புகைப்படங்களில் உங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது எது? – கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

போர்ப் படமோ நிலாப் படமோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எனக்கு நெருக்கமானது ஒரு பனித்துகள். பனி விழுந்து நான் பார்த்ததே கிடையாது. மார்கழியில் புல்நுனியில் நிற்கும் பனியோடு நம் குளிர் முடிந்துவிடும்.

வில்சன் பென்ட்லி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் 1865-ல் பிறந்தார். விவசாயக் குடும்பம், மாடு வளர்த்துப் பால் கறக்கும் வேலை. 15 வயதில் அம்மா ஒரு பழைய நுண்ணோக்கியைக் கொடுத்திருக்கிறார். அதில் பனித்துகளைப் பார்த்த பையன் வரைய முயல்கிறான். பாதி வரைவதற்குள் உருகிவிடுகிறது. வரைபவளாக எனக்கு அந்த வேதனை நன்றாகப் புரியும். அந்தத் துகளை இனி யாரும் பார்க்கப்போவதில்லை, அது மாதிரி இன்னொன்று விழப்போவதும் இல்லை, கையில் அரைப் படம். நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தினால் என்ன என்று தோன்றிப் பல நாள் தோற்று, 1885 ஜனவரி 15 அன்று ஒரு துகளின் படம் கிடைக்கிறது. அப்போது அவருக்கு 20 வயதுகூட நிரம்பவில்லை.

எப்படி எடுத்தார் என்பதைப் படித்தபோது எனக்கு மூச்சு நின்றது. நிஜமாகவே மூச்சு சம்பந்தப்பட்ட வேலை அது. வெளிக் குளிர் உள்ளேயும் இருக்கும்படி கணப்பு இல்லாத கொட்டகை. கருப்புப் பலகையில் விழும் துகள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடித் துண்டுக்கு மாற்றி, பறவை இறகால் மெல்லத் தடவிப் படிய வைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் மூச்சை அதன் மேல் விடக்கூடாது, விட்டால் கரைந்துவிடும். இப்படி 46 குளிர்காலங்களில் 5,000-க்கும் மேற்பட்ட படங்கள்! மீதி நேரமெல்லாம் பண்ணை வேலை. 1931 டிசம்பரில் பனிப்புயலில் நடந்து வீடு திரும்பியவர் நிமோனியாவில் இறந்துபோனார். அவர் படங்களின் பெரிய தொகுப்பு வெளிவந்ததும் அதே வருஷம்தான்.

அந்தப் படங்களில் பெரும்பாலானவை ஆறு கையோ ஆறு பக்கமோ கொண்டவை. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால் அப்படி. எனக்கு அதைப் பார்த்ததும் அம்மா நினைவுதான் வந்தது. அம்மா மார்கழியில் போடுவது இடைப்புள்ளிக் கோலம். நேர்ப்புள்ளி வைத்தால் கோலம் சதுரமாக வளரும். இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளியை வைத்தால், எப்படி இழுத்தாலும் ஆறு முனை நட்சத்திரம் வந்து நிற்கும். யாரும் கணக்குச் சொல்லிக்கொடுக்காமல் அம்மாவின் விரலுக்கு அது தெரியும். மாடு வாசலில் நடந்தால் கோலம் அழிந்துவிடும். அம்மா மறுநாள் வேறொன்று போடுவாள். நான் அவற்றில் ஒன்றைக்கூடப் படம் எடுத்து வைக்கவில்லை. கிளிக் த்ரீ கையில் இருந்தும், 12 படத்தில் ஒன்றைக் கோலத்துக்குச் செலவிட எனக்குத் தோன்றவில்லை. பென்ட்லியின் படங்களைப் புரட்டும்போதெல்லாம் அந்த வாசல் எனக்கு ஞாபகம் வரும்.

கே: இப்போது வரும் இயற்கைப் படங்களெல்லாம் கம்ப்யூட்டரில் திருத்தியவை. அந்தக் காலத்து உண்மை எங்கே போயிற்று? – வாசகர், சென்னை

உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்தக் காலத்திலும் திருத்தினார்கள் ஐயா. கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர், 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றி எடுத்த படங்கள் நம் கோயில்களின் மிகப் பழைய படங்களில் சேர்ந்தவை. பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர். அன்றைய காகித நெகட்டிவ் நீல வெளிச்சத்துக்கு அளவுக்கு மீறிக் கூசும். அதனால் வானம் வெறும் வெள்ளையாக வெளிறிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா, நெகட்டிவின் மேல் கையால் மேகம் தீட்டினார்! அவர் படங்களில் தெரியும் மேகங்களில் சில தூரிகையால் வந்தவை.

ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் 1941-ல் எடுத்த நிலா உதயத்தைப் பார்த்திருப்பீர்கள். கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெயில் விழுந்துகொண்டிருக்கிறது, ஒளிமானியைத் தேடினால் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாச அளவு மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. அந்த நெகட்டிவிலிருந்து பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். முதலில் வானத்தில் லேசான மேகக்கீற்றுகள் தெரியும். பின்னால் போட்ட அச்சுகளில் வானம் கன்னங்கரேலென்று ஆகியிருக்கும். என்னைக் கேட்டால் இரண்டும் உண்மையான படங்கள்தான்.

பொய் எங்கே தொடங்குகிறது? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியில், 2009-ல் முதல் பரிசு வாங்கிய ஓநாய்ப் படத்தைப் பின்னால் விலக்கினார்கள். அது பழக்கப்படுத்திய ஓநாயாக இருக்கலாம் என்பது நடுவர்களின் முடிவு. அங்கே யாரும் கம்ப்யூட்டரில் எதையும் மாற்றவில்லை, ஆனாலும் காட்டு விலங்கு என்று நம்பிப் பார்த்தவருக்கு அது பொய்.

நான் வெளிச்சத்தைக் கூட்டுவேன், குறைப்பேன், ஓரத்தை வெட்டுவேன். இருந்ததை அழிக்க மாட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கண்காட்சிக்குப் படம் கேட்டார்கள். குளத்துத் தண்ணீரில் கூழைக்கடா ஒன்று மிதக்கும் படம் கொடுத்தேன். அதன் பக்கத்தில் ஒரு பால் கவர் மிதக்கும். 'அந்தக் கவரை மட்டும் எடுத்துவிட்டால் முகப்பிலேயே வைப்போம்' என்றார்கள். நான் படத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கவர் அன்று அந்தக் குளத்தில் இருந்தது, கூழைக்கடா அதைச் சுற்றித்தான் போயிற்று.

கே: எங்கள் தோட்டத்தில் ஒரு பறவை கூடு கட்டியிருக்கிறது. குஞ்சு பொரித்ததும் கிட்டப் போய் எடுக்கலாமா? இலைகள் மறைக்கின்றன. – வாசகர், சிவகங்கை

தயவுசெய்து வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

1999-ல் எங்கள் கொல்லைப்புறத்து மாதுளையில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. மூன்று குஞ்சுகள். உங்களுக்குப் போலவே எனக்கும் இலை மறைத்தது. ஒடிக்கவில்லை, இரண்டு கொப்புகளை மட்டும் நூலால் இழுத்துப் பக்கத்துக் கிளையில் கட்டினேன். நல்ல வெளிச்சம் விழுந்தது. ரோல் முழுவதும் எடுத்தேன். அதற்குள் வீட்டுக்கு யாரோ வர, உள்ளே போனவள் நூலை அவிழ்க்க மறந்துவிட்டேன். இலைகள் குஞ்சுக்குக் கூரையும் தட்டியும். பகலெல்லாம் வெயில் நேராகக் கூட்டில் இறங்கியிருக்கிறது, மேலே போகிற வருகிறவர்கள் கண்ணுக்கெல்லாம் கூடு தெரிந்திருக்கிறது. மறுநாள் காலையில் மதில்மேல் செம்போத்து உட்கார்ந்திருந்தது. கூட்டில் ஒன்றுமில்லை. தாய்க்குருவி இரண்டு நாள் வாயில் புழுவோடு வந்து வந்து பார்த்தது. அந்த ரோலை நான் கழுவக் கொடுக்கவே இல்லை. அன்றிலிருந்து கிட்டப் போய் எந்தக் கூட்டையும் எடுத்ததில்லை.

கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு வைக்கும். 1994-ல் அரசு அதைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் அவற்றைக் காத்து வருகிறார்கள். தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நான் ஒருமுறை ஒரு வீட்டு முற்றத்தில் நின்று லென்ஸை மேலே திருப்பியபோது, திண்ணையில் இருந்த ஆச்சி கேட்டார்: "பேறுகாலத்துக்கு வந்த பிள்ளையள வாசல்ல நின்னு இப்படி உத்து உத்துப் பாப்பாவளா டீச்சர்? அங்கன குளத்துக் கரைக்குப் போயி நின்னு எடுங்க." போய் நின்றேன். பிறகு நான் எடுத்த நல்ல படங்களெல்லாம் அந்தக் கரையிலிருந்து எடுத்தவைதான். இமயத்தைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகள் காலையில் இறங்கும் இடமும் அந்தக் கரைக்கு எதிரேதான் இருக்கிறது.

கே: ஒன்பது வயது மகளுக்கு விடுமுறையில் புகைப்படக் கலை சொல்லித்தர வேண்டும். போனைக் கையில் கொடுக்க விருப்பமில்லை. – ஒரு தாய், திருச்சி

கேமராவே இல்லாமல் தொடங்குங்கள். சயனோடைப் என்று ஒரு முறை இருக்கிறது. ஜான் ஹெர்ஷல் 1842-ல் கண்டுபிடித்தது. மறு வருஷமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண் கடற்பாசிகளை அந்தக் காகிதத்தில் வைத்து, வெயிலில் காட்டி, படம் படமாகச் செய்து புத்தகமாக்கத் தொடங்கினார். புகைப்படங்கள் கொண்ட முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். வெள்ளைப் பாசி, பின்னால் முழு நீலம். கடலே தன்னை அச்சிட்டுக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பச்சை ரகம், 25 கிராம், 100 மில்லி தண்ணீரில். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், இன்னொரு 100 மில்லியில். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் இரண்டும் கிடைக்கும். கரைப்பதும் கலப்பதும் உங்கள் வேலை, மகளுடையது அல்ல. கையுறை போடுங்கள், அடுப்படிப் பாத்திரத்தில் வேண்டாம், அமிலம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டையும் சம அளவில் கலந்து, ஜன்னல் சாத்திய அறையில், கெட்டியான வரைதாளில் தூரிகையால் பூசிக் காயவையுங்கள். இலையையோ இறகையோ மேலே வைக்கும் வேலையை மகளிடம் விடுங்கள். மேலே கண்ணாடி. நம் சித்திரை வெயிலுக்குப் பத்து நிமிஷம் தாராளம். பச்சை மஞ்சள் நிறம் மாறிச் சாம்பல் பூத்தால் எடுத்துவிடலாம். பிறகு தண்ணீரில் மஞ்சள் போகும்வரை அலசுங்கள். நீலம் மெல்ல எழும்பி வருவதைப் பார்க்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். காயக் காய இன்னும் அழுத்தமாகும்.

முருங்கை இலை ஈர்க்கு நன்றாக விழும். வேப்பங்கொழுந்தும். செம்பருத்தி தடிமன், வெறும் நிழலாக நின்றுவிடும்.

இந்த நீலத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. இது பிரஷ்ய நீலம், 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கிடைத்தது. கப்பலேறி ஜப்பானுக்குப் போனபோது ஊர்ப் பெயரை ஒட்டி அங்கே 'பெரோ' என்றார்கள். 1831 வாக்கில் ஹொகுசாய் என்ற ஓவியர் ஃபூஜி மலைக்கு முன்னால் எழும் பேரலையை மரக்கட்டை அச்சாக்கியபோது அந்த நீலத்தைத்தான் பயன்படுத்தினார். மகளுக்கு அந்த அலையைக் காட்டிவிட்டு, அவள் அலசிக் காயப்போட்ட முருங்கை ஈர்க்கைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே நீலம்.

கே: என் போனில் பதினோராயிரம் படங்கள் இருக்கின்றன. எதையும் அழிக்க மனம் வரவில்லை. – வாசகி, மதுரை

ஃபிராங்க் ஹர்லி ஷாக்கிள்டனின் அண்டார்டிகா பயணத்தில் போன புகைப்படக்காரர். 1915-ல் எண்டியூரன்ஸ் கப்பலைப் பனி நெருக்கி உடைத்தபோது, உறைந்த தண்ணீர் புகுந்த அறைக்குள் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி, ஈயம் பற்றவைத்த தகரப் பெட்டிகளில் இருந்த கண்ணாடி நெகட்டிவ்களை மீட்டார். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பனியில் நடக்க முடியாது. அவரும் ஷாக்கிள்டனும் பனிமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சுமார் 120-ஐ எடுத்து வைத்தார்கள். மீதி 400-ஐ அங்கேயே உடைத்தார்கள், மறுபடி மனசு மாறக்கூடாது என்று. கேமராக்களையும் விட்டுவிட்டு, சட்டைப்பையில் அடங்கும் சின்ன கோடக் ஒன்றும் மூன்று ரோலும் மட்டும் கொண்டுபோனார்.

நீங்கள் உடைக்க வேண்டாம். மாதக் கடைசியில் 12 படம் மட்டும் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போடுங்கள். என் கிளிக் த்ரீ கணக்கு.

கே: படம் எடுப்பதால் காட்டுக்கு என்ன லாபம்? – வாசகர், ஈரோடு

பல நேரம் ஒன்றுமில்லை, சில நேரம் கெடுதல்கூட. ஆனால் செபஸ்தியோ சல்காடோவை நினைத்துப் பார்க்கிறேன். பொருளாதாரம் படித்த பிரேசில்காரர். 1986-ல் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் சேற்று மூட்டையோடு ஏணி ஏறும் ஆயிரக்கணக்கான ஆட்களை எடுத்தார். ருவாண்டா படுகொலைகளைப் பார்த்துவிட்டு உடம்பும் மனதும் நொறுங்கி அப்பாவின் பண்ணைக்குத் திரும்பினார். சின்ன வயதில் காடாக இருந்த நிலம் மொட்டையாகக் கிடந்தது. மனைவி லேலியாதான் மறுபடி காடு வளர்ப்போம் என்றார். 1998-ல் ஒரு அமைப்பைத் தொடங்கி இருபது லட்சத்துக்கும் மேல் மரம் நட்டார்கள். வற்றிய ஊற்றுகள் திரும்பின. அதன் பிறகுதான் அவரால் கேமராவை மறுபடி தூக்க முடிந்தது, அப்போது மனிதர் கை படாத இடங்களைத் தேடிப் போனார். 2025 மே மாதம் காலமானார். காடு அங்கே நிற்கிறது.

கே: எனக்கு 78 வயது. கடல் படங்கள் எடுப்பது 40 வருஷப் பழக்கம். போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது பழைய படங்களெல்லாம் நீலம் பாய்ந்து தெரிகின்றன. கேமரா கெட்டுப்போயிருந்ததா, என் கண்ணா? – வாசகர், நாகர்கோவில்

இரண்டும் கெடவில்லை அண்ணாச்சி. வலி, மங்கல், வெளிச்சப் பொறி ஏதாவது இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் நீலம் என்றால் பயமில்லை. புரை விழுந்த லென்ஸ் வருஷக்கணக்கில் மெல்ல மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். அது நீல வெளிச்சத்தை உள்ளே விடாது. அந்த மஞ்சள் கண்ணாடியை எடுத்ததும், தடைபட்டிருந்த நீலம் மொத்தமாக உள்ளே வருகிறது. கொஞ்ச காலத்தில் மூளை பழகிவிடும்.

இதே பாடு பட்டவர் ஓவியர் க்ளோத் மொனே. ஜிவெர்னி ஊரில் தன் தோட்டத்து அல்லிக் குளத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டியவர். 1912-ல் புரை என்றார்கள். 1899-ல் அவர் தீட்டிய குளத்துப் பாலம் பச்சை. புரை முற்றிய பிறகு தீட்டிய அதே பாலம் செம்பழுப்பில் தீப்பிடித்த மாதிரி இருக்கும். 1923-ல், 82 வயதில், வலது கண்ணில் அறுவை நடந்தது. பிறகு எல்லாம் ஒரு நேரம் மஞ்சள், ஒரு நேரம் நீலம் என்று தவித்தார், நிறக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அப்புறம் பெரிய அல்லி ஓவியங்களுக்குத் திரும்பி, 1926-ல் இறக்கும் வரை அவற்றைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

எனக்கும் போன ஐப்பசியில் வலது கண்ணில்தான் எடுத்தார்கள், இடது இன்னும் பாக்கி. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் கொடியில் காயும் வேட்டியைப் பார்த்தால், இடது கண்ணுக்கு அது டீக்கடை வடிகட்டித் துணி, வலது கண்ணுக்கு நீலம் போட்டு அலசிய வெள்ளை. இத்தனை வருஷம் நான் எடுத்த பூநாரைகளின் இளஞ்சிவப்பை எந்த மஞ்சளுக்குள்ளிருந்து பார்த்தேனோ என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்னொரு கண்ணுக்கு அறுவை ஆகுமுன், விடிகாலையில் சங்குத்துறைக் கடற்கரைக்குப் போங்கள். கேமராவோடு பிள்ளைகள் வைத்திருக்கும் கலர் பென்சில் பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் இரண்டு கட்டம் போட்டு, ஒன்றில் இடது கண் காட்டும் கடலையும் இன்னொன்றில் வலது கண் காட்டும் கடலையும் நிறம் தீட்டுங்கள். பிறகு படம் எடுத்து, பிரிண்ட்டோடு அந்தத் தாளையும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். கூந்தன்குளத்துத் தண்ணீருக்கு நான் தீட்டிய இரண்டு கட்டங்கள் மேசைமேல் இருக்கின்றன. உங்களுடையது வந்ததும் நான்கையும் சேர்த்து அடுத்த இதழில் போடச் சொல்கிறேன்.